சண்டமாருதத்துக்கு ஒரு கரண்டி உறை

எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் ராட்டினம். வேறு எதுவும் கிடையாது. சீரியல் பார்க்க மாட்டேன், வெற்றிலை போட மாட்டேன், பக்கத்து வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்க மாட்டேன். சரி, கொஞ்சம் நுழைப்பேன். ஆனால் எங்கேயாவது ஓர் இரும்புச் சக்கரம் வானத்தில் சுற்றுவது கண்ணில் பட்டுவிட்டால் போதும், எனக்குக் கால் தரையில் நிற்காது.

பிறக்கும்போதே வந்த பைத்தியமில்லை. மதுரைப் பொருட்காட்சியில் முதல் தடவை ஜயன்ட் வீலில் ஏற்றிவிட்டபோது என் அண்ணன் சட்டையில் வாந்தி எடுத்தேன். அவன் அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தான். அந்த வீம்பில் அடுத்த வருடமும் ஏறினேன். அப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் ஆள் ஏற்றுவதற்காகச் சக்கரம் நின்றபோது நான் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தேன். கீழே டெல்லி அப்பளம் பொரிக்கிற எண்ணெய் வாசனை அவ்வளவு உயரத்துக்கும் வந்தது. அப்புறம் சக்கரம் இறங்க ஆரம்பித்ததும் வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாயைத் திறந்து கத்தினேன் பாருங்கள், அப்படியொரு கத்தல் அதுவரைக்கும் நான் கத்தினதில்லை.

இறங்கியபிறகுதான் கவனித்தேன், என்னை யாரும் திட்டவில்லை. எங்கள் வீட்டில் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் 'பொட்டப்பிள்ளைக்கு என்ன சிரிப்பு' என்பார்கள். குரல் உயர்ந்தால் 'தெருக்கோடிக்குக் கேக்கு' என்பார்கள். இங்கே மட்டும் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏன் கத்துகிறாய் என்று கேட்க ஒரு நாதி இல்லை. அன்றைக்குப் பிடித்ததுதான். கல்லூரிச் சுற்றுலாவில் முதல் ரோலர் கோஸ்டரைப் பார்த்தபோது, கும்பிட்டுவிட்டு ஏறினேன் என்றால் நம்புவீர்களா? நிஜமாகவே கும்பிட்டேன்.

என் பெயர் செண்பகவல்லி, எங்கள் ஊர் அம்மனின் பெயர். ஊர் கோவில்பட்டி. தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். வீட்டுக்காரர் நெல்லையப்பன், ஆடிட்டர் ஆபீசில் வேலை. தங்கமான மனுஷன், ஆனால் மாடிப்படியில் கைப்பிடி இல்லாவிட்டாலே அவருக்கு வியர்த்துவிடும். லிஃப்டில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். கல்யாணமான புதிதில் ஆகாயக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஹைவேயை ஒட்டி இருக்கிற தீம் பார்க் அது. வாசலிலிருந்தே கோஸ்டரின் தண்டவாளம் தெரியும். அதைப் பார்த்ததும் மனுஷனுக்கு உதடு வெளுத்துவிட்டது.

"நீ போயிட்டு வாட்டி. நான் பையைப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அன்றிலிருந்து பதினைந்து வருடம் அதே கதைதான். நான் மேலே, அவர் கீழே புங்கை மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சில் பைகளோடு. என் பக்கத்து சீட்டில் எப்போதும் முன்பின் தெரியாத யாராவது உட்கார்ந்திருப்பார்கள். இறங்கி வந்து தலைமுடியைக் கோதிக்கொண்டே நான் அவரைக் கிண்டலடிப்பேன். அவருடைய தங்கை கோமதி குடும்பத்தோடு வந்திருந்தால் இன்னும் கொண்டாட்டம். "எங்க வீட்டு அய்யா பைக்குக் காவல். திருடன் வந்தா பைதான் இவுகளைக் காப்பாத்தணும்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கேலிதானே? புருஷன் பெண்டாட்டிக்குள் இல்லாத கேலியா?

ஆனால் மனதுக்குள் எனக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரே ஒரு தடவையாவது இவர் என் பக்கத்தில் உட்கார வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து கத்த வேண்டும். அதற்காக நான் சாமியைக்கூட வேண்டியிருக்கிறேன். சாமி கேட்கவில்லை, உறைக்கடை வந்தது.

அதற்கு முறையான பெயர் வாயில் நுழையாது. விருப்பத் தடம், பதிவு, மாற்று என்று நீளமாக இருக்கும். ஜனங்கள் உறை என்றே சொன்னார்கள், கடையை உறைக்கடை என்றார்கள். ஒருத்தருக்கு ஒரு விஷயத்தில் இருக்கிற ருசியை எடுத்து இன்னொருத்தருக்கு ஊற்றுகிற வேலை. ஒரு கரண்டி மோரை விட்டால் ஒரு பானைப் பால் தயிராகிறதல்லவா, அந்த மாதிரி. ஆரம்பத்தில் பெரிய பணக்காரர்கள் மட்டும் போனார்கள். அப்புறம் பல் டாக்டர் கடை மாதிரி தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. கணக்கு பிடிக்காத பிள்ளைக்குக் கணக்கு வாத்தியாரிடமிருந்து உறை ஊற்றினார்கள். கல்யாண விளம்பரத்தில் 'இசையில் உறை கொடுக்கச் சம்மதமுள்ள மணமகள் தேவை' என்று போட ஆரம்பித்தார்கள். எங்கள் மேல் வீட்டுக்காரர் போய், 'என் பொண்டாட்டிக்கு எங்கம்மா மேல பாசம் வர்றதுக்கு உறை உண்டா' என்று கேட்டிருக்கிறார். மனுஷர்கள் மேல் இருக்கிற பிரியம், பகை எதையும் நாங்கள் தொடுவதில்லை, விஷயங்களில் இருக்கிற ருசியை மட்டும்தான் எடுப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்க நான் ரொம்பப் பாடுபட வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தார்.

"அதை ஊத்திக்கிட்டா பயம் போயிருமா?" என்றார்.

"பயம் போவுமோ என்னமோ. ஆசை வரும்ங்காக."

"போவோம்" என்றார், உடனே.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் டாக்டர் ஃபர்ஸானா என்று ஒரு பெண். வயது முப்பதுகூட இருக்காது, பேச்சு வெண்ணெய் மாதிரி இருக்கும். பியூட்டி பார்லரில் முடி காயவைக்கிற குடுவை மாதிரி ஒன்றை என் தலையில் கவிழ்த்தாள். அதே மாதிரி இன்னொன்றை அவர் தலையில் கவிழ்த்தாள்.

"ஒரு விஷயம் பிடிக்கும்னா அது மூளையில ஒரு தடம், மேடம். நீங்க கோஸ்டர்ல போறதை நினைச்சுட்டே இருங்க. உங்க தடத்தைப் பார்த்து சாருக்கு ஒண்ணு போட்டுடுவோம்."

"என்னோடது குறைஞ்சுறாதே?"

"விளக்குலேர்ந்து விளக்கு ஏத்தினா முதல் விளக்கு குறையுமா?" என்று சிரித்தாள். "ஆனா ரெண்டு தடவைக்கு மேல கொடுக்காதீங்க. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆகாயக்கோட்டைக்குப் போனோம். இவர் எனக்கு முன்னால் வரிசையில் போய் நின்றார். மேலே ஏறுகிறவரைக்கும் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். உச்சியிலிருந்து விழுந்ததும் கத்தினார் பாருங்கள், 'யம்மா' என்று ஒரு கத்தல். நானும் கத்தினேன். இரண்டு பேரும் கத்திக் கத்திக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கல்யாணம் அன்றைக்குத்தான் நடந்தது என்றுகூடச் சொல்வேன்.

இறங்கி நடக்கும்போது கேட்டார், "ஏட்டி, மேல போனதும் அப்பளம் பொரிக்கிற வாசனை வந்துச்சே. இங்க எங்க அப்பளம் போடுதான்?"

பொருட்காட்சிக் கதையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டேன். "கொடுக்கிறவங்க வாசம் கொஞ்சம் ஒட்டிட்டு வரும் மேடம். போகப் போக அவங்கவங்க பாலுக்குத் தகுந்த மாதிரி தயிர் மாறிடும்" என்றாள். எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கோமதி வந்தாள்.

உறைமோர் கேட்டு வந்தவளை இல்லை என்று அனுப்புவது எங்கள் பக்கத்துப் பழக்கமில்லை. கொலைப்பகை இருந்தாலும் ஒரு கரண்டி மோர் கொடுத்துத்தான் அனுப்புவோம். என் அம்மா பானையைக் கவிழ்த்து வழித்தாவது கொடுப்பாள். அந்த வளர்ப்பு என்னோடேயே வந்திருக்கிறது. கோமதிக்கு நான் மதினி. "மதினி, அண்ணன் முகத்துல என்ன களை! எனக்கும் ஒரு கரண்டி ஊத்துங்களேன்" என்று நாத்தனார் வாய்விட்டுக் கேட்கும்போது, டாக்டர் இரண்டோடு நிறுத்தச் சொன்னாள் என்று கணக்குப் பேசுவதா? கொடுத்தேன். அவள் வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்தேன். அவர்கள் மகள் இசக்கியம்மாளுக்குச் சிங்கப்பூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் கோஸ்டர் பைத்தியம், பெண்ணுக்கும் அந்த ருசி இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டார்களாம். கல்யாணக் காரியம், எப்படி மறுப்பது? கொடுத்தேன். என் வீட்டுக்காரரின் ஆபீஸ் ஆடிட்டர் கேட்டார். எங்கள் அடுக்ககச் செயலாளர் கேட்டார். ஒவ்வொருவரும் அவரவருக்கு வசதியான கிளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தக் கிளைக்கும் நான் ஏற்கெனவே யாருக்குக் கொடுத்தேன் என்று தெரியாது, கேட்கவுமில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பெருமையாக இருந்தது, அதுதான் உண்மை. என் பைத்தியத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் எல்லாம் அதையே கேட்டு என் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

அந்த வருடம் ஆகாயக்கோட்டையில் சண்டமாருதம் என்று புது கோஸ்டர் ஒன்றைத் திறந்தார்கள். நாட்டிலேயே அவ்வளவு உயரம் கிடையாது என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்காக நான் காத்துக்கிடந்தது எனக்குத்தான் தெரியும். தூண் நட்டதிலிருந்து அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் காரை ஓரங்கட்டிப் பார்ப்பேன். வண்டி பழகுகிற பெண்கள் 'மேடம், இங்கயா பார்க்கிங் சொல்லித் தரப் போறீங்க' என்பார்கள். திறந்த வாரமே எங்கள் கூட்டம் முழுக்கப் போனோம். எனக்கு முதல் வரிசை, பக்கத்தில் இவர், பின்னால் கோமதி குடும்பம், அதற்குப் பின்னால் ஆடிட்டர்.

ஏறியது. நின்றது. விழுந்தது. என்னைச் சுற்றி எல்லாரும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் போகிற பஸ்ஸில் வேகத்தடை ஏறினால்கூட வயிறு இதைவிட அதிகமாகக் குலுங்கும். கத்திப் பார்த்தேன். அது கத்தல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற சத்தம். வண்டி நின்றபோது எனக்குக் கொட்டாவி வந்தது.

உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். மறுபடி போனேன், மறுபடி கொட்டாவி. கொலம்பஸ் படகில் ஏறிப் பார்த்தேன், சின்னப் பிள்ளைகளின் டிராகன் ரயிலில்கூட ஏறிப் பார்த்தேன். சீ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தமாக அழலாம் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

டாக்டர் ஃபர்ஸானாவிடம் சண்டைக்கே போனேன்.

"குறையாதுன்னு சொன்னியே தாயீ! விளக்கு, வெளிச்சம்னு கதை விட்டியே!"

அவள் என் தலையில் குடுவையைக் கவிழ்த்துத் திரையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க மேடம்?"

விரலை விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை.

"ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் கொஞ்சம் தேயும். ஒண்ணு ரெண்டுன்னா தெரியாது, தானா ஆறிடும். நீங்க ஆற விடவே இல்லையே. யாரு உங்களை இத்தனை பேருக்குக் கொடுக்கச் சொன்னது?"

"கேட்டாங்க. குடுத்தேன்."

"கேட்டா கொடுத்துடறதா?"

கேட்டால் கொடுக்காமல் பின்னே? அவள் ஊரில் வேறு மாதிரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. எங்கள் கூட்டத்தில் யாரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்குவதில்லை. எல்லாருக்கும் ஆகாயக்கோட்டை. இவர் ஒரு குழுவே ஆரம்பித்துவிட்டார். முதுகில் சண்டமாருதம் படம் போட்ட டீ-சர்ட், தலையில் தொப்பி. எந்த வளைவுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தால் எவ்வளவு தூக்கிப் போடும் என்று ஆடிட்டருக்கே பாடம் நடத்துகிறார். நான் புங்கை மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கோமதியின் கைப்பை, பக்கத்தில் இசக்கியின் கைப்பை, அடுக்ககச் செயலாளரின் மூக்குக் கண்ணாடி, ஆடிட்டரின் இரண்டு போன்.

"மதினிக்கு வயசாயிட்டு, பயம் வந்துட்டு" என்றாள் கோமதி.

"பயமெல்லாம் இல்லட்டி, ஒண்ணுமே இல்ல. அதுதான் சொல்லுதேன்" என்று எத்தனை தடவை சொல்வது? ஏறாதவள் என்றால் பயந்தவள்தான், ஜனங்களுக்கு வேறு கணக்குத் தெரியாது. ஒரு நாள் இவரும் சொன்னார், எல்லார் முன்னாலும், சிரித்துக்கொண்டே. "எங்க வீட்டு அம்மா பைக்குக் காவல்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் உச்சிக்குப் போனதும் அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுவார். அவ்வளவு உயரத்திலிருந்து, விழுவதற்கு முந்தின நொடியில்கூட என்னை மறக்கவில்லையே என்று அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். இறங்கி வந்ததும் "பாத்தியா?" என்பார். "பாத்தேன்" என்பேன்.

வேலையிலும் நான் நானாக இல்லை. ஒரு பெண் நேராகப் பால் வண்டி மேல் கொண்டுபோய் விடப் பார்த்தாள். பழைய செண்பகவல்லியாக இருந்தால் என் கத்தலில் பால் வண்டியே நகர்ந்திருக்கும். நான் "பிரேக்" என்றேன், பல்லி சத்தத்தில். அவள் பயந்துபோய், "மேடம், நீங்க திட்டினாத்தான் எனக்கு ஓட்ட வருது" என்றாள். ராட்டினம் போனால் போகிறது, அதோடு என் தொண்டையும் அல்லவா போய்விட்டது. இருபத்தைந்து வருடமாக நான் கத்தினதெல்லாம் அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது. அது தெரியாமல் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கொடுத்திருக்கிறேன், பாவி மகள்.

ஒரு நாள் கோமதி வீட்டில் எல்லாரும் இருக்கும்போது கேட்டுவிட்டேன். "உங்கள்ல யாராவது ஒருத்தர் எனக்கு உறையைத் திருப்பிக் குடுங்க."

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். திரும்பவும் போன் போட்டு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அவர்களுக்குச் சொன்னேன். என் தடம் அடியோடு தேய்ந்துவிட்டதால் கரண்டியளவு கொடுத்தால் எனக்குள் உறையாது. கொடுக்கிறவர் பானையோடு கொடுக்க வேண்டும், அவருக்கு மிஞ்சாது.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கது நல்லாருக்கா மதினி?" என்றாள் கோமதி. "இசக்கிக்குத் தை மாசம் கல்யாணம். அவ குடுக்க முடியாது. எங்க வீட்டு இவுக குடுத்தா, ஞாயித்துக்கிழமை நான் மட்டும் தனியாவா போவேன்?"

"நீ குடேன்."

"நானா? இப்பத்தான மதினி எனக்குன்னு ஒண்ணு வந்திருக்கு" என்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவளும் என்னை மாதிரிதானே, சத்தம் போடக் கூடாத வீட்டில் வளர்ந்தவள்.

அப்போது இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "நான் குடுக்கேன்."

"அண்ணே!" என்றாள் கோமதி.

"சும்மா இரு. அவளோடதுதான? நான் பதினஞ்சு வருஷம் இல்லாம இருந்தவன். எனக்குப் பழக்கம்தான்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த மனுஷனைப் போய் ஊர் சிரிக்கக் கேலி பண்ணினோமே என்று என்னையே நொந்துகொண்டேன். அன்றைக்கு அவருக்குப் பிடித்த சொதி வைத்தேன். அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

டாக்டர் ஃபர்ஸானா இந்த முறை சிரிக்கவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"சார், இதைக் கொடுத்துட்டா உங்களுக்கு ஆசையும் இருக்காது, பழைய பயமும் வராது. வெறுமனே இருக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்லம்மா."

"மேடம், உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நீங்க கொடுத்தது அப்படியே திரும்பி வராது. இது இத்தனை நாள் சார்கிட்ட வளர்ந்தது. அவருக்கு இதுல எது இனிச்சுதோ அதுதான் உங்களுக்கும் இனிக்கும்."

"கோஸ்டர்ல எது இனிக்கும்? மேல போறது, கீழ வாறது. இவுகளுக்கு வேற, எனக்கு வேறயா?" என்றேன். குடுவையைக் கவிழ்த்தாள்.

மறுநாளே போக வேண்டும் என்று எனக்குப் பரபரத்தது. வேலை நாள், கூட்டமில்லை. கோமதியிடமோ மற்றவர்களிடமோ சொல்லவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான். பஸ்ஸிலிருந்து சண்டமாருதத்தின் வளைவு தெரிந்ததுமே எனக்குள் ஏதோ துள்ளியது. வந்துவிட்டது! தாயே செண்பகவல்லி, வந்துவிட்டது! இவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக அதே வளைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கரண்ட் கம்பத்தைப் பார்க்கிற மாதிரி.

"நீங்களும் சும்மா வந்து உக்காருங்களேன். பயம்தான் இல்லையே" என்றேன்.

"எதுக்குட்டி? பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ போயிட்டு வா. நான் இங்கன இருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். என் பையை வாங்கித் தன் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஏறினேன். பக்கத்து சீட்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி, ஏறும்போதே "ஐயோ ஆன்ட்டி, ஐயோ ஆன்ட்டி" என்று புலம்பினாள். சங்கிலி கடகடவென்று இழுத்துக்கொண்டு போனது. எனக்கு உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சு படபடத்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கத்துவதற்குத் தொண்டையைச் செருமித் தயாராக வைத்துக்கொண்டேன்.

உச்சியில் ஒரு நொடி நின்றது.

நான் எப்போதும் முன்னால் பார்ப்பவள். தண்டவாளம் காணாமல் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை என் தலை தானாகத் திரும்பியது. கண் கீழே போய்த் தேடியது. புங்கை மரம். சிமெண்ட் பெஞ்சு. இரண்டு பைகளுக்கு நடுவில் அவர், கடுகு மாதிரி.

பார்த்த மாத்திரத்தில் வந்தது. வயிற்றில் இல்லை, நெஞ்சில். வெல்லப்பாகு மாதிரி இறங்கியது. நான் மேலே இருக்கிறேன், நீ கீழே இருக்கிறாய். இருந்து பார், எப்படி இருக்கிறது என்று. அவ்வளவுதான் அதில் இருந்தது. உயரம், வேகம், காற்று எல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்கிற ஊறுகாய் அளவுகூட இல்லை. அந்தச் சின்ன உருவம் பைகளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்திருக்கிறதே, அதில்தான் இனிப்பு முழுக்க இருந்தது. பதினைந்து வருடம் ஊறின இனிப்பு.

மனுஷர்கள் மேல் இருக்கிறதைத் தொடுவதில்லை என்றார்களே! இது என்ன பிறகு?

என் கை உயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் ஆட்டவில்லை. அது அவருடைய கையாட்டல். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த உயரத்திலிருந்து என்னை மறக்காமல் ஆட்டினாரே, என் ஆறுதல், அதே ஆட்டல். எதற்கு ஆட்டினார் என்று இப்போது எனக்கு உள்ளிருந்தே தெரிந்தது. இந்தக் கேவலத்தை எந்தப் பெண்டாட்டியும் இப்படி ருசி பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க மாட்டாள்.

வண்டி விழுந்தது. பக்கத்துப் பெண் அலறினாள். பின்னால் எல்லாரும் அலறினார்கள். நான் கத்தவில்லை. கத்தத் தோன்றவே இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன், முதல் வளைவிலிருந்து கடைசி வளைவு வரைக்கும்.

இறங்கி வந்தேன். அவர் எழுந்து நின்றார். முகத்தில் அப்படியொரு கவலை.

"எப்படி இருந்துச்சுட்டி? பழசு வந்துட்டா?"

காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. பையைப் பிடுங்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏறிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. தன்னிடம் இருந்தது என்ன என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆசை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். இப்போது அதுவும் போய், துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி நிற்கிறார். அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், இனிப்பு இன்னும் என் நாக்கிலேயே நின்றது.

"வந்துட்டுங்க" என்றேன். "நல்லாருந்துச்சு."

"அது போதும்ட்டி" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

"இன்னொரு தடவை போயிட்டு வாரேன். நீங்க இங்கனயே இருங்க."

"நான் எங்க போவப் போறேன்?" என்று மறுபடி பெஞ்சில் உட்கார்ந்து, பைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

வரிசையில் யாருமில்லை. ஆள் ஏற்றுகிற பையன் முதல் வரிசை காலியாக இருக்கிறது மேடம் என்றான். வேண்டாம் என்றேன். எந்த சீட்டில் உட்கார்ந்தால் புங்கை மரம் நன்றாகத் தெரியும் என்று கேட்டு, அதில் போய் உட்கார்ந்தேன்.